குரங்கு டாக்டர் ஆகணும்னு சொல்ற மகளைப் பத்திக் கேட்ட அக்காவுக்கு

அக்கா, நீங்க கேட்டது இதுதான்: மகளுக்குப் பதினேழு வயசு, டெமாசெக் பாலிடெக்னிக்ல வெட்டரினரி டெக்னாலஜி டிப்ளமோ முதல் வருஷம், "குரங்குகளைக் காப்பாத்துற டாக்டர் ஆகப்போறேன்"னு சொல்றா, அவ அப்பா "நாய் பூனைக்கு டாக்டர்னா கூட சரி, குரங்குக்கு யாரும்மா காசு குடுப்பாங்க"ன்னு கேக்கிறார், இதுக்கு சிங்கப்பூர்லேர்ந்து வழி இருக்கா? ரெண்டு மூணு தடவை படிச்சேன். வழி இருக்கான்னு கேட்டிருந்தாலும் உங்க மனசுல ஓடுறது வேற கேள்வின்னு தோணுது. இது நிஜமாவே ஒரு வேலையா, பிள்ளை ஒரு ஆசையை நம்பிப் போய்ட்டு முப்பது வயசுல கையை விரிச்சுக்கிட்டு வந்து நிப்பாளோ, அதானே? எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க, என்கிட்ட கேக்கல, ஈசூன் முருகன் கோயில்ல பார்த்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டாங்க. அதனால உங்களுக்கு முழுசா பதில் சொல்லணும்னு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் விலங்கு மருத்துவர், பட்டம் வாங்கி பதினாறு வருஷம் ஆச்சு. முதல் மூணரை வருஷம் இங்கயே நாய் பூனை கிளினிக், அப்புறம் மேற்படிப்பு, அப்புறம் போர்னியோ தீவோட இந்தோனேசியப் பகுதியான காலிமந்தான்ல ஒரு ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்துல ஆறு வருஷம், இப்ப திரும்பி வந்து இங்க காட்டு விலங்கு வேலை. ஆப்பிரிக்காவுல நான் வேலை செஞ்சதில்ல, கொரில்லா பத்தி சொல்றது படிச்சதும் அங்க வேலை செஞ்ச நண்பர்கள்கிட்ட கேட்டதும்தான், அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயங்களை சொல்லிடறேன். சிங்கப்பூர்ல விலங்கு மருத்துவப் பட்டப்படிப்பு கிடையாது, என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள்லயும் இல்ல. பாலி டிப்ளமோ வெட் நர்ஸ் வேலைக்கும் லேப் வேலைக்கும் நல்ல வாசல், ஆனா அதை வச்சு டாக்டர்னு கையெழுத்துப் போட முடியாது. டாக்டர் ஆகணும்னா வெளிய போய்த்தான் ஆகணும், நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போறாங்க. அஞ்சு வருஷம், சில இடத்துல ஆறு, மெல்பர்ன்ல முதல்ல ஒரு டிகிரி முடிச்சிட்டு அதுக்கு மேல நாலு வருஷம். ஆஸ்திரேலியாவுல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 60,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல போகுது, தங்குறது சாப்பிடுறது தனி, இதை மூடி மறைச்சுப் பேசறதுல பிரயோஜனம் இல்ல. செலவு கம்மியா இருக்கட்டும்னு சென்னை வேப்பேரி கல்லூரியைப் பத்தி யோசிக்கிறவங்களும் உண்டு, 1903லேர்ந்து இருக்கிற நல்ல கல்லூரி, இன்டர்ன்ஷிப்போட சேர்த்து அஞ்சரை வருஷம். ஆனா இங்க திரும்பி வந்து தொழில் பண்ண ஏவிஎஸ் லைசென்ஸ் வேணும், தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸ் கீழ விலங்கு மருத்துவத்தைக் கவனிக்கிற அமைப்பு அது, எல்லா ஊர் பட்டத்தையும் அவங்க ஏத்துக்க மாட்டாங்க. எந்த ஊர் கல்லூரியா இருந்தாலும் சரி, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அவங்களுக்கே ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்குங்க. கட்டின பிறகு விசாரிச்சவங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும், அந்த வீடுங்கள்ல பட்ட கஷ்டத்தைப் பார்த்திருக்கேன்.

அடுத்தது, குரங்கு டாக்டர்னு தனியா ஒரு பட்டம் கிடையாது அக்கா. மாடு, குதிரை, நாய், பூனை, கோழி எல்லாம் சேர்த்து ஒரே பட்டம்தான். அதுக்கு அப்புறம்தான் காட்டு விலங்குக்குன்னு மேற்படிப்பு, லண்டன்ல ராயல் வெட்டரினரி காலேஜும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து நடத்துற எம்எஸ்சி ஒண்ணு இருக்கு, அதுக்கும் மேல போகணும்னா அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் விலங்குக் காட்சிசாலை மருத்துவத்துக்குன்னு சிறப்புத் தேர்வு இருக்கு, ரொம்பக் கடினம், சிலரால்தான் முடியும். ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்துல பிரைமேட் (குரங்கு, ஒராங் ஊத்தான், தேவாங்கு எல்லாம் சேர்ந்த வகை) பாதுகாப்புக்குன்னே ஒரு எம்எஸ்சி இருக்கு, ஆனா அது டாக்டர் படிப்பில்ல, ஆராய்ச்சிப் படிப்பு. இந்த வித்தியாசத்தை உங்க மக இப்பவே புரிஞ்சுக்கறது நல்லது, ஏன்னா குரங்குகளைக் காப்பாத்துறவங்கள்ல டாக்டருங்க கொஞ்சம் பேர்தான். நம்ம ஊர்லயே ராஃபிள்ஸ் லங்கூர்ங்கிற குரங்குக்காக அதிகமா உழைச்ச டாக்டர் ஆண்டி ஆங் விலங்கு மருத்துவர் இல்ல, பிரைமேட் ஆராய்ச்சியாளர். அவளுக்குப் பிடிச்சது ஊசியும் கத்தியுமா, இல்ல குரங்கு என்ன பண்ணுதுன்னு நாள் முழுக்க உக்காந்து பாக்குறதான்னு அவகிட்ட கேளுங்க. ரெண்டாவதுதான்னா அந்த 60,000 டாலரைக் கட்டவே வேணாம், இங்கயே லைஃப் சயின்ஸ் படிச்சுட்டுப் போகலாம்.

டாக்டர்தான்னு முடிவு பண்ணினா, நான் சொல்ற ஒரே யோசனை, முதல்ல சாதாரண நாய் பூனை டாக்டரா குறைஞ்சது ரெண்டு வருஷம் நல்லா வேலை கத்துக்கட்டும். அப்பாவோட பயத்துக்காக இதை சொல்லல, குரங்குக்காகத்தான் சொல்றேன். கிளினிக்ல நான் ராத்திரி ஷிஃப்ட் பண்ணின காலத்துல, ஒரு நாளைக்கு அஞ்சாறு மயக்கம் குடுப்போம், ஈறு ரோஸ் கலர்ல இருக்கா, வெளுக்குதா, நீலம் பாரிக்குதா, மூச்சு நெஞ்சுலேர்ந்து வருதா வயித்துலேர்ந்து வருதா, இதையெல்லாம் நூத்துக்கணக்கான தடவை பார்த்துப் பார்த்து கை தன்னால அங்க போகும். காலிமந்தான்ல ஒரு நாள் சாயங்காலம் மழை, கரண்ட் போயிடுச்சு, ஜெனரேட்டர் பிடிக்கல, மேசை மேல முப்பத்தஞ்சு கிலோ பெண் ஒராங் ஊத்தான் மயக்கத்துல கிடக்கு, மானிட்டர் எல்லாம் அணைஞ்சு போச்சு. ஒருத்தர் அதோட வாய்க்குள்ள டார்ச் அடிக்க, நான் ஒரு கையை நெஞ்சுல வச்சுக்கிட்டு இன்னொரு கையால உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கிட்டே நின்னேன், இருபது நிமிஷம். அன்னிக்கு எனக்குக் கை குடுத்தது மேற்படிப்பு இல்ல, தேக்கா பக்கத்து கிளினிக்ல பார்த்த ஷிட்ஸூ நாய்ங்கதான்.

டிவியில பார்க்கிற, தூரத்துலேர்ந்து மயக்க ஊசி எய்யிற, டார்ட் அடிக்கிற வேலை பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா பிள்ளைங்க அதைப் பார்த்துத்தான் ஆசைப்படுறாங்க. யானைக்கு அடிக்கிற மாதிரி இல்ல. குரங்கு மரத்து மேல இருக்கு, ஊசி பட்டதும் பயந்து இன்னும் மேல ஏறும், மருந்து பிடிக்க அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், பிடிச்சதும் பிடி விட்டு விழும், கீழ ஆளுங்க வலையை நாலு மூலையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கழுத்து வலிக்க மேலயே பார்த்துக்கிட்டு நிக்கணும். காலையில சாப்பிடாம வான்னு அதுகிட்ட சொல்ல முடியாது, வயிறு நிறைய தின்னிருக்கும், மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா அவ்வளவுதான். தாய் வயித்துல குட்டி ஒட்டிக்கிட்டு இருந்தா ஊசி குட்டி மேல பட்டுடலாம். கெட்டமின், மெடெட்டோமிடின்னு ரெண்டு மயக்க மருந்தைக் கலந்து குடுத்தா பின்னால அட்டிபமெசோல் போட்டு மெடெட்டோமிடினோட வேலையைத் திருப்பிடலாம், ஆனா கெட்டமினைத் திருப்புற மருந்து கிடையாது, அது உடம்பை விட்டு இறங்குற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். அதனால நல்ல காட்டு விலங்கு டாக்டர் முதல்ல கேக்கிற கேள்வி, இதைத் தொடாம விட்டா என்ன ஆகும்ங்கிறதுதான். பாதிக்கு மேல தடவை தொடாம விடறதுதான் சரின்னு வரும், அந்த இடத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும், அதை எந்தக் கல்லூரியிலயும் சொல்லித் தர மாட்டாங்க.

மறுவாழ்வு மையத்து வேலை நிஜத்துல எப்படி இருக்கும்னு ஒண்ணு சொல்றேன். மனுஷங்ககிட்ட செல்லப்பிராணியா வளர்ந்து பறிமுதல் ஆகி வர்ற ஒவ்வொரு ஒராங் ஊத்தானுக்கும் டிபி இருக்கான்னு பார்க்கணும். அந்தச் சோதனை ஊசியை நமக்குக் கையில போடுற மாதிரி அதுக்குப் போட மாட்டோம், மேல் இமையில போடுவோம். மயக்கத்துல இருக்கும்போது இமைத் தோலை ரெண்டு விரலால மெல்ல இழுத்து, முடி மாதிரி ஊசியால தோலுக்குள்ளயே 0.1 மில்லி, ஒரு சின்னக் கொப்புளம் எழும்பணும், எழும்பலைன்னா ஊசி ஆழமாப் போயிடுச்சுன்னு அர்த்தம். ஏன் இமையிலன்னா, 24, 48, 72 மணி நேரத்துல வீங்கியிருக்கான்னு பார்க்கணும், திரும்பத் திரும்ப மயக்கம் குடுக்க முடியாது, இமைன்னா கம்பிக்கு வெளிய நின்னு ஒரு வாழைப்பழத்தைக் காட்டினாப் போதும், அதுவே முகத்தைக் கிட்ட கொண்டு வரும். இதுலயும் ஒரு சிக்கல் உண்டு, ஒராங் ஊத்தானுக்கு டிபி இல்லாமலே இமை வீங்குறது சகஜம், அதனால ஒரு வீக்கத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு பண்ணக் கூடாது, எக்ஸ்ரே, சளி கல்ச்சர் எல்லாம் சேர்த்துப் பார்க்கணும். அதுக்கப்புறம் தொண்டைப் பை. ஒராங் ஊத்தானுக்குக் கழுத்துக்குக் கீழ பெரிய காத்துப் பை இருக்கு, சளி பிடிச்சா சீழ் அதுல இறங்கித் தேங்கிடும், வெளியில லேசா ஒரு இருமல், கிட்ட போனா ஒரு கெட்ட வாடை, அவ்வளவுதான் அடையாளம். அந்த வாடையை மூக்குல பிடிக்கத் தெரிஞ்ச பராமரிப்பாளர் ஒருத்தர் இருந்தார், எங்க ஸ்கேன் மிஷினை விட அவரைத்தான் நாங்க நம்புவோம்.

இப்ப எனக்கு எழுதக் கஷ்டமான ஒண்ணு. அந்த மையத்துக்குப் போன முதல் வருஷம், ஒரு திங்கக்கிழமை எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. காய்ச்சல் இல்ல, வெயில்ல சுத்தினதுன்னு நினைச்சுக்கிட்டு மாஸ்க் போட்டுக்கிட்டு குட்டிங்க இருக்கிற பக்கம் போயிட்டேன், ஒரு குட்டி என் கழுத்தைக் கட்டிக்கிச்சு, பத்து நிமிஷம்தான். அந்த வாரக் கடைசியில மூணு குட்டிக்கு மூக்கு ஒழுகுது, அதுல ஒண்ணுக்கு நிமோனியா, ராத்திரி பகலா நெபுலைசர் வச்சோம், பதினோராம் நாள் போயிடுச்சு. என்னாலதான்னு லேப்ல நிரூபணம் ஆகல, அங்க அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்ல. நான்தான்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் லேசா தும்மல் வந்தாக்கூட நான் வேலைக்குப் போறதில்ல, யாரையும் போக விடறதுமில்ல.

இதை ஏன் சொல்றேன்னா இந்தத் தொழிலோட மையமே இதுதான். நம்ம சளி அதுங்களுக்கு சாவு. மேற்கு ஆப்பிரிக்காவுல கோட் டி வார் (ஐவரி கோஸ்ட்) நாட்டுல "தாயி"ங்கிற காட்டுல ஆராய்ச்சிக்காக மனுஷங்களுக்குப் பழக்கின சிம்பன்சிங்க சளி வந்து கூட்டமா செத்ததுக்கு மனுஷனோட சுவாச வைரஸ்தான் காரணம்னு 2008ல நிரூபிச்சாங்க. நமக்கு உதட்டு ஓரத்துல வர்ற அக்கிப் புண், அதே வைரஸ் மார்மோசெட்ங்கிற சின்னக் குரங்குக்குப் போனா பிழைக்கிறது அபூர்வம். திரும்பியும் அப்படித்தான், அதுங்ககிட்டேர்ந்து நமக்கும் வரும். நம்ம நீண்ட வால் குரங்குகிட்ட பி வைரஸ் உண்டு, அதுக்கு ஒண்ணும் பண்ணாது, மனுஷனுக்கு வந்தா மூளையைத் தாக்கும், ரொம்ப அபூர்வம்தான் ஆனா உயிர் போயிருக்கு, அதான் கடி பட்டா கீறல் பட்டா முதல் வேலையா பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவுன்னு சொல்றது. குரங்கம்மைன்னு பேர் வந்ததே 1958ல கோபன்ஹேகன் லேப்ல இருந்த குரங்குகளுக்குக் கொப்புளம் வந்தப்போதான், அந்தக் குரங்குகள் கப்பல் ஏறினது எந்த ஊர்லேர்ந்துன்னு நினைக்கிறீங்க, நம்ம சிங்கப்பூர்லேர்ந்துதான். நம்ம சொந்தக்காரங்க ஊர்ப் பக்கம் பார்த்தாலும், கர்நாடகாவுல கியாசனூர் காட்டுக் காய்ச்சலை 1957ல கண்டுபிடிச்சது காட்டுல குரங்குகள் செத்து விழுந்ததைக் கவனிச்சதாலதான், இன்னிக்கும் அங்க செத்த குரங்குதான் முதல் எச்சரிக்கை. அதனால போஸ்ட்மார்ட்டம் பண்ணத் தெரியணும், நாத்தத்துக்கு முகம் சுளிக்காம பண்ணணும். உங்க மகளுக்கு முடியுமான்னு பாலியிலயே தெரிஞ்சிடும்.

சரி, ஒரு டாக்டரால ஒரு இனத்தையே காப்பாத்த முடியுமா? ஒரு இடத்துல முடியும்னு ஆதாரம் இருக்கு. மலை கொரில்லாவுக்கு டாக்டர் வேணும்னு கொரில்லா ஆராய்ச்சியாளர் டயான் ஃபாசி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 1985 டிசம்பர்ல அவங்களைக் கொன்னுட்டாங்க, அடுத்த வருஷம் முதல் டாக்டர் ருவாண்டா வந்து சேர்ந்தார், அதுதான் இப்ப கொரில்லா டாக்டர்ஸ்னு இருக்கிற அமைப்போட ஆரம்பம். இன்னிக்கு மலை கொரில்லா ஆயிரத்தைத் தாண்டியாச்சு, 2018ல அழியும் அபாயப் பட்டியல்ல மிக அபாய நிலையிலேர்ந்து அபாயம் குறைஞ்ச அடுத்த படிக்கு மாத்தினாங்க. அதுங்க இருக்கிற விருங்கா மலையில மனுஷங்களுக்குப் பழகின கூட்டங்கள் பழகாத கூட்டங்களை விட வேகமாப் பெருகினதுல, அந்த வித்தியாசத்துல 40 சதவீதம் வரைக்கும் மருத்துவத்தால இருக்கலாம்னு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு. "வரைக்கும்", "இருக்கலாம்" ரெண்டையும் சேர்த்துப் படிங்க, கண்ணிக் கம்பியை அறுத்து விட்டதும் சளிக்கு மருந்து குடுத்ததும் ஒரு பங்கு, தினமும் காவல் இருந்தது இன்னொரு பங்கு.

எனக்கு அதை விடப் பெரிய பாடம் உகாண்டாவோட முதல் காட்டு விலங்கு டாக்டர் கிளாடிஸ் கலேமா ஜிகுசோகாகிட்ட இருக்கு. 1996, அவங்க வேலைக்கு சேர்ந்த புதுசு, பிவிண்டி காட்டுல கொரில்லாங்களுக்கு முடி கொட்டுது, தோல் சொரி பிடிச்சு வெள்ளையாகுது, ஒரு குட்டி செத்துப்போச்சு. பார்த்தா சிரங்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப்போனா, காட்டோரத்து வயல்ல சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டின பழைய துணிங்கதான் காரணமா இருக்கணும்னு தெரிய வந்துச்சு, ஊர்ல துணி துவைக்கத் தண்ணி கஷ்டம், சிரங்குக்கு மருந்து கிடையாது. அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, 2003ல ஆரம்பிச்ச அமைப்புக்கு வச்ச பேரே "பொது சுகாதாரம் வழியா பாதுகாப்பு"ன்னு. ஊர் ஜனங்களுக்கு டிபி, வயித்துப்போக்கு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாத்தையும் பார்த்தாங்க, கொரில்லாவுக்காக. அதனால உங்க மகளுக்கு மனுஷங்களோட பேசப் பிடிக்கலைன்னா, "எனக்கு மிருகம்தான் பிடிக்கும், மனுஷங்க வேணாம்"னு சொல்ற ரகம்னா, இந்த வேலை அவளுக்கு ஒத்து வராது. இதை நான் அடிச்சு சொல்வேன்.

இந்த கொரில்லா கதை எல்லா இடத்துக்கும் பொருந்துமான்னு கேட்டா, அங்கதான் எனக்கு சந்தேகம். ஆயிரம் பேர் இருக்கிற இனத்துல ஒண்ணைக் காப்பாத்தினா கணக்குல தெரியும், ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்கு, தினமும் பின்னாடியே போறாங்க. போர்னியோ ஒராங் ஊத்தான் லட்சத்தை ஒட்டி இருக்குன்னு 2016ல கணக்கிட்டாங்க, அதுக்குப் பிரச்சனை காடு அழியறது, துப்பாக்கி, அங்க நாங்க ஆறு வருஷம் தையல் போட்டதால இனத்தோட எண்ணிக்கை மாறலை. காட்டுல திரும்ப விட்டதுங்கள்ல எத்தனை நாலஞ்சு வருஷம் கழிச்சும் உயிரோட இருக்குங்கிறதுல எங்களுக்குள்ளயே சண்டை உண்டு, கழுத்துப் பட்டை மாட்ட முடியாது, உடம்புக்குள்ள வைக்கிற சிப் சிக்னல் கொஞ்ச காலத்துல நின்னுடும். 2019ல சுமத்ரா தீவுல அச்சேல ஹோப்னு பேர் வச்ச ஒரு தாய் ஒராங் ஊத்தானைக் கொண்டு வந்தாங்க, உடம்புல 74 ஏர்கன் குண்டு, ரெண்டு கண்ணும் போச்சு, குட்டியும் வர்ற வழியிலயே இறந்துடுச்சு. அந்த ஒரு உயிருக்கு மனுஷ எலும்பு டாக்டரே வந்து ஆபரேஷன் பண்ணினார். பண்ணினது சரியான்னு கேட்டா சரிதான்னு சொல்வேன், எதிர்ல கிடக்கிற உயிருக்கு வைத்தியம் பண்ணாம இருக்க என்னால முடியாது, ஆனா அதை இனத்தைக் காப்பாத்துறதுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டும் வேற வேற வேலை.

நம்ம ஊரைப் பாருங்க. இங்க காட்டுல இருக்கிற பிரைமேட் இனம் மூணு, எல்லாருக்கும் தெரிஞ்ச நீண்ட வால் குரங்கு, ராத்திரியில நடமாடுற தேவாங்கு, அப்புறம் ராஃபிள்ஸ் பேண்டட் லங்கூர். லங்கூரை 1838ல உலகத்துக்கு அறிமுகப்படுத்தினதே சிங்கப்பூர்லேர்ந்துதான், புக்கிட் தீமா காட்டுல கடைசியா இருந்ததை 1987ல நாய்ங்க கடிச்சுக் கொன்னுச்சு, அப்புறம் நீர்த்தேக்கக் காட்டுல மட்டும் ஒரு கொஞ்சம். 2010 வாக்குல நாப்பது சொச்சம், இப்ப எழுபதைத் தாண்டியிருக்கு. அதை யாரும் டார்ட் அடிக்கல. அது இலை தின்னு, மாடு மாதிரி பல அறை வயித்துல ஊற வச்சு செரிக்கிற ஜீவன், மயக்கத்துல அது திரும்பி வந்தா பெரிய ஆபத்து, எழுபது உசுருல ஒண்ணை வச்சு யார் சோதனை பண்ணுவாங்க. அதனால மரத்தடியில கொசுக்கடியில நின்னு, மேலேர்ந்து விழற கழிவை சின்னக் குச்சியால எடுத்து ஆல்கஹால் டியூப்ல போடுவோம், சூடு ஆறறதுக்குள்ள எடுத்தா நல்லது. அந்தக் கழிவுல இருக்கிற டிஎன்ஏவை வச்சுத்தான் 2020ல இது தனி இனம், சுமத்ராவுல இருக்கிறது வேற இனம்னு பிரிச்சாங்க, என்ன இலை தின்னுச்சு, குடல்ல என்ன புழு இருக்குன்னு எல்லாம் அதுலயே தெரியும். ஓல்ட் அப்பர் தாம்சன் ரோட்டுக்கு மேல கயித்துப் பாலம் கட்டியிருக்காங்க, ரோட்டைக் கடக்கும்போது காரடிபட்டு செத்த லங்கூர் மேசைக்கு வந்ததும் உண்டு. நம்ம வால்பாறையில புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக்காக ரோட்டுக்கு மேல கட்டியிருக்கிறதும் இதே மாதிரிதான், பொள்ளாச்சி பக்கம் போனா மகளுக்குக் காட்டுங்க.

நீண்ட வால் குரங்கை எல்லாரும் தொல்லைன்னு நினைக்கிறாங்க, ஆனா 2022லேர்ந்து அதுவும் அழியும் அபாயப் பட்டியல்ல இருக்கு. அதுக்கு இங்க டாக்டர் பண்ற வேலையில பாதி, ரொட்டி போடாதீங்கன்னு சொல்றதுதான். முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், திரும்பப் பண்ணினா 10,000 வரை. அபராதத்தை விடுங்க, கைநீட்டிக் குடுத்துப் பழக்கின குரங்கு ரோட்டோரம் வந்து நிக்கும், வண்டி அடிக்கும், அதோட வயித்தைத் திறக்கிறது நான். போன வருஷம் ஒண்ணோட வயித்துல பிளாஸ்டிக் பையோட முடிச்சு அப்படியே இருந்துச்சு, உள்ள கயா ரொட்டி வாசம் கூடப் போகல.

இப்ப அப்பாவோட கேள்விக்கு வர்றேன், காசு யார் குடுப்பாங்க. மண்டாய் விலங்குக் காட்சிசாலையில டாக்டர் வேலை இருக்கு, என்பார்க்ஸ்ல இருக்கு, ஏக்கர்ஸ் மாதிரி மீட்பு அமைப்புகள்ல இருக்கு, எல்லாம் சேர்த்தாலும் இடம் ரொம்பக் கொஞ்சம், ஒருத்தர் போனாத்தான் ஒருத்தர் வரலாம். பத்து வருஷம் கழிச்சு உங்க மக வரும்போது இடம் காலியா இருக்குமான்னு என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது. வெளிநாட்டு மையங்கள்ல சம்பளம் கிளினிக்ல வர்றதுல ஒரு பங்குதான், எனக்கு ஆறு வருஷமும் நம்ம சேமநிதியான சிபிஎஃப்ல ஒரு காசு ஏறல, அதுல வருத்தம் இல்லைன்னாலும் வீடு வாங்கறப்போ தெரிஞ்சுது. இந்தோனேசியாவுல வெளிநாட்டு டாக்டர் தன்னிஷ்டத்துக்கு ஊசி போட முடியாது, அங்க உள்ளூர் டாக்டர்ங்கதான் வைத்தியம் பண்றாங்க, நான் கூட நின்னு கத்துக் குடுத்தேன், பல நாள் நான்தான் கத்துக்கிட்டேன். ஓவாக்னு ஒராங் ஊத்தான் டாக்டருங்க குழு ஒண்ணு வருஷா வருஷம் கூடுது, இந்தோனேசிய, மலேசிய டாக்டருங்க ஒருத்தருக்கொருத்தர் கத்துக் குடுக்கிற இடம். அங்க எனக்கு ரொம்ப உதவினது எங்க தாத்தாகிட்ட கத்துக்கிட்ட பாசார் மலாய்தான், சந்தையில பேசற மலாய். உங்க மகளை இப்பவே மலாய் பேசச் சொல்லுங்க. ஆனா ஒரு நிம்மதி உண்டு, கையில இருக்கிறது விலங்கு மருத்துவப் பட்டம், குரங்கு வேலை கிடைக்கலைன்னாலும் இந்த ஊர்ல கிளினிக் வேலை கிடைக்கும், அப்பாவுக்கு அதை சொல்லுங்க.

பாதுகாப்பு பத்தி நீங்க எழுதல, ஆனா நினைச்சிருப்பீங்க. பொம்பளைப் பிள்ளை காட்டுல தனியா இருக்கறதைப் பத்தி எங்கம்மா ராத்திரி தூங்கல. தனியா யாரும் போக மாட்டோம், குறைஞ்சது ரெண்டு பேர். நாய்க்கடி ஊசி முன்னாடியே போட்டுக்கணும், ஹெப்படைட்டிஸ், டெட்டனஸ், தட்டம்மை எல்லாம் சரியா இருக்கணும், வருஷா வருஷம் நமக்கும் டிபி பார்க்கணும். காட்டுல குரங்குலேர்ந்து கொசு வழியா வர்ற மலேரியா ஒண்ணு இருக்கு, நோலெசின்னு பேரு, சிங்கப்பூர்லயே காட்டுல பயிற்சி எடுத்த ராணுவ வீரர்களுக்கு வந்திருக்கு, காய்ச்சல் வந்தா "நான் காட்டுலேர்ந்து வர்றேன்"னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும்.

பதினேழு வயசுல அவ இப்ப பண்ண வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. பாலியில மயக்கம், லேப் பாடங்களை நல்லாப் படிக்கட்டும், லீவுல நாய் பூனை கிளினிக்ல கூண்டு கழுவற வேலையாவது பார்க்கட்டும், கல்லூரி சேர்க்கைக்கு அந்த அனுபவத்தைக் கேப்பாங்க. வெளிநாட்டுல வாலன்டியர்னு காசு கட்டிக் கூப்பிடற இடங்கள் நிறைய இருக்கு, அதுல ஒரே சோதனை, குட்டி ஒராங் ஊத்தானை மடியில வச்சு ஃபோட்டோ எடுக்க விடறாங்களா, விட்டா அந்த இடத்துக்கு அனுப்பாதீங்க, மேல நான் எழுதின அந்தப் பதினோரு நாளை நினைச்சுக்குங்க. நல்ல மையம் உங்களை வேலிக்கு வெளிய நிறுத்தி பழம் நறுக்கத்தான் சொல்லும்.

இங்கயே லங்கூர் கணக்கெடுக்க பொதுமக்கள் வாலன்டியர் குழு 2016லேர்ந்து நடக்குது, அதுல பேர் குடுக்கட்டும். அதுக்கும் முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு அவளையும் அவ அப்பாவையும் தாம்சன் நேச்சர் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க, சாப்பாட்டை வண்டியிலயே வச்சிடுங்க, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். மேல இலை அசையுதான்னு பாருங்க, கறுப்பு உடம்பு, தொடை உள்பக்கம் வெள்ளை, கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம், குட்டின்னா வெள்ளை உடம்புல முதுகுல கறுப்பா சிலுவை மாதிரி கோடு. பயந்தா கெக் கெக் கெக்னு தொடர்ந்து கத்தும், ஒரு தடவை கேட்டா மறக்காது. பெரும்பாலான நாள் ஒண்ணுமே தெரியாது, மூணு மணி நேரம் கொசுக்கடி மட்டும்தான். திரும்பி வரும்போது கார்ல அவ என்ன பேசறான்னு கேட்டு எனக்கு எழுதுங்க.